நாணல்துறைப் பக்கத்தில் ஒரு வரி

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தாறு.

சீடரின் பெயர் பொன்னுலிங்கம். தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகும் சட்டைப் பையில் இரண்டு பேனா செருகியிருப்பார். குருவின் பெயர் ஜுலைகா. நாணல்துறைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். தன்னை ஒருவர் மனசுக்குள் குருவாக வைத்திருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருப்பாள்.

அவர் முதல் தடவை அந்தக் கடைக்கு வந்தது சண்டை போடுவதற்கு.

இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நாணல்துறைப் பாலத்துக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. பாலம் வருவதற்கு முன்னால் அங்கே படகுதான். ஒரு வெள்ளத்தில் படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசாங்கம் பாலம் கட்டியது. இவ்வளவும் அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்தது. பொன்னுலிங்கம் அதில் ஒரு வரி சேர்த்தார்.

'இவ்விபத்தின்போது உலகநாதன் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் தன் வேட்டியை முறுக்கிக் கயிறாக்கி வீசிப் பலரைக் கரை சேர்த்தார். கடைசி முறை ஆற்றில் இறங்கியவர் திரும்பவில்லை.'

உலகநாதன் அவருடைய அண்ணன். அவனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அந்தப் பெயரைச் சொல்ல இந்த உலகத்தில் மிச்சம் இருக்கிற ஒரே வாய் தன்னுடையதுதான் என்பது, ஒரு நாள் சவரம் செய்துகொண்டிருக்கும்போது பொன்னுலிங்கத்துக்கு உறைத்தது. பாதி முகத்தில் சோப்போடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அடுத்த வாரம் மடிக்கணினி வாங்கினார்.

அந்த வரியைச் சேர்த்த மறுநாள் பார்த்தால், அதன் வாலில் பொடி எழுத்தில் இரண்டு சொல் ஒட்டியிருந்தது. சான்று தேவை.

ஒட்டியவர் தூக்கணாங்குருவி என்ற பெயரில் எழுதுகிறவர். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால், எழுதுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பேச்சுப் பக்கம் இருந்தது. அங்கே போய்ப் பொன்னுலிங்கம் எழுதினார்: 'நீர் யார்? தைரியம் இருந்தால் நேரில் வந்து கேளும்.'

பதில் வந்தது: 'எனக்குக் கடையை விட்டு வர முடியாது. நீங்க வாங்க. பஸ் ஸ்டாண்டு எதிர்ல கண்ணாடிக் கடை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் பூட்டியிருக்கும்.'

போனார்.

"தூக்கணாங்குருவி யாரு?"

"நான்தான் அண்ணாச்சி. உக்காருங்க."

வழியெல்லாம் அவர் யோசித்து வைத்திருந்த வசவுகள் எல்லாம், தன்னைவிட மூத்த, வழுக்கை விழுந்த ஓர் ஆளுக்கானவை. தலையில் முக்காடும் கையில் சின்னத் திருப்புளியுமாக நின்ற இந்தப் பெண்ணுக்கு அதில் ஒன்றும் பொருந்தவில்லை.

"நான் பொய் சொல்லுதேன்னு நெனைக்கீங்களோ?"

"இல்ல."

"பிறகு எதுக்கு அதை ஒட்டுனீங்க?"

"நீக்கியிருக்கலாம். நீக்கல."

"அதுக்கு நான் நன்றி சொல்லணுமாக்கும்."

"வேண்டாம். டீ குடிக்கீங்களா?"

கடைக்குப் பின்னால் ஒரு திரை தொங்கியது. திரைக்கு அந்தப்பக்கம் வீடு. அங்கிருந்து ஒரு குரல் கேட்டது. "யாரு ஜுலைகா?"

"சண்டை போட வந்தவரு உம்மா."

"சீனி போடலாமான்னு கேளு."

பொன்னுலிங்கம் போடலாம் என்றார். சீனி போட்ட டீயைக் குடித்துக்கொண்டு சண்டை போட அவருக்கு வரவில்லை. கிளம்பும்போது, "இதுல எனக்கு ஒண்ணும் தெரியாது. சந்தேகம் வந்தா வரலாமா?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் பூட்டியிருக்கும்," என்றாள்.

அவருக்குச் சந்தேகங்கள் வந்துகொண்டே இருந்தன.

ஒரு நாள் முகம் கடுகடுத்து வந்தார். நாணல்துறைச் சந்தையைப் பற்றி அவர் புதிதாக ஒரு கட்டுரை ஆரம்பித்திருந்தார்.

"எவனோ ஒருத்தன் அதுல ரெண்டு பத்தியைத் தூக்கி இடம் மாத்தி வச்சிருக்கான். நான் எழுதுனதை அவன் எப்படித் தொடலாம்?"

ஜுலைகா பதில் சொல்வதற்குள் ஓர் ஆட்டோக்காரர் வந்து, கால் ஆடிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடியை மேசைமேல் வைத்தார். அவள் அதை வாங்கித் திருகாணியை முடுக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, துணியால் துடைத்துக் கொடுத்தாள். ஆட்டோக்காரர் பையில் கை விட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அவர் போன பிறகு பொன்னுலிங்கம் கேட்டார். "இங்க வாங்குனதா?"

"இல்ல. வேற கடை."

"பிறகு ஏன் நீங்க முடுக்கிக் கொடுக்கீங்க?"

"தளந்துருந்துச்சே."

அவர் சந்தைக் கட்டுரையைப் பற்றி அப்புறம் பேசவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, இடம் மாறிய பத்திகள் இருந்தபடியே சரியாகத்தான் இருந்தன. அதை ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு நாள் ஆயிற்று.

இன்னொரு நாள் காலையிலேயே போய்விட்டார். கடையில் ஆள் இல்லை. திரைக்குப் பின்னால் தாயும் மகளும் பேசிக்கொள்வது கேட்டது.

"அந்த இடத்துல சீப்பு படக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"படல உம்மா. ஆடாம இருந்தாத்தானே வார முடியும்."

"பட்டுச்சு. எனக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரத்தில் ஜுலைகா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "சொல்லுங்க. இன்னைக்கு யாரு மேல கோவம்?"

"கோவம் இல்ல. ஒரு நியாயம் கேக்கேன். எங்க அண்ணனைப் பத்தி நேத்து 'மாவீரர்'னு ஒரு சொல் சேத்தேன். எடுத்துட்டீங்க. அவன் வீரன் இல்லையா?"

அவள் அவரைக் கண் சோதிக்கும் சின்ன அறைக்குக் கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். விளக்கை அணைத்தாள். எதிரே உயரத்தில் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது. வட்ட வட்டமான சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, ஒரு கண்ணாடிச் சில்லைச் செருகினாள்.

"தெரியுதா?"

"கடைசி வரி வரைக்கும் தெரியுது."

மேலே இன்னொரு சில்லு போட்டாள். பிறகு இன்னொன்று.

"இப்ப?"

"எழுத்து பெருசா… இல்ல, கலங்குது. தலை சுத்துது. எடுங்க தாயி."

ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரே ஒரு சில்லு மிஞ்சியபோது, "போதும், இதான்," என்றார் பொன்னுலிங்கம். சொன்ன பிறகு, தான் எதற்குப் பதில் சொன்னோம் என்று யோசித்தபடி இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த மாதமே அவளிடம் புதுக் கண்ணாடியும் வாங்கினார்.

ஒரு தடவை மட்டும் ஓடி வந்தார். மடிக்கணினி துணிப்பைக்குள் இருந்தது. சட்டை நனைந்திருந்தது.

"பாலம் பக்கமே போயிருச்சு. நான்தான் எதையோ அமுக்கிட்டேன். முழுசும் வெள்ளையாக் கெடக்கு. எத்தனை பேரு எழுதுனது."

ஜுலைகா மடிக்கணினியை வாங்கி, பக்கத்தின் உச்சியில் வரலாறு என்று இருந்த இடத்தை அமுக்கினாள். அந்தப் பக்கம் பிறந்த நாளிலிருந்து யார் எதைச் சேர்த்தார், யார் எதை எடுத்தார் என்று எல்லாமே அங்கே வரிசையாகக் கிடந்தது. இன்னும் ஒரு அமுக்கு. பாலம் திரும்ப வந்தது. ஆறு, படகு, வெள்ளம், அண்ணன், அவன் வாலில் அந்த இரண்டு சொல், எல்லாம் வந்தன.

"போகவே போகாதா?"

"போகாது. தண்ணி குடிங்க முதல்ல."

குடித்ததும், எழுதிப் பழகுகிறவர்களுக்கென்று இருக்கும் மணல்தொட்டி என்ற வெற்றுப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். "இங்க எதையாவது எழுதுங்க. அழிங்க. நீங்களே திரும்பக் கொண்டு வாங்க."

தன் பெயரை எழுதினார். அழித்தார். கொண்டு வந்தார். மறுபடி அழித்தார். மறுபடி கொண்டு வந்தார். இலாகாவில் முப்பது வருடம் குப்பை கொட்டிய ஒருவர் வாய்விட்டுச் சிரிப்பதைக் கேட்டு, திரைக்குப் பின்னாலும் யாரோ சிரித்தார்கள்.

ஆனால் அந்த இரண்டு சொல் மட்டும் போகவில்லை.

அவர் தேடாமல் இல்லை. மாவட்ட நூலகத்தில் அந்த வருடத்துப் பழைய பத்திரிகைகளைப் புரட்டினார். விபத்துச் செய்தி இருந்தது. இறந்தவர்களின் பெயர் இல்லை, தொகை மட்டும் இருந்தது. 'கரையில் நின்ற சிலர் ஆற்றில் குதித்து மீட்டனர்' என்றிருந்தது. அந்தச் 'சிலர்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தபடி அவர் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். விரலுக்கு அடியில் அண்ணன் இருந்தான். ஆனால் யாருக்கும் தெரியாது.

வேறு ஒன்றும் அவரை அரித்தது. விபத்து நடந்த அன்றைக்கு அவருக்கு நான்கு வயது. யாரோ ஒருவரின் தோளில் உட்கார்ந்து கரையில் இருந்தார். நனைந்த வேட்டி ஒன்று ஞாபகம் இருந்தது. அது அண்ணன் கையில் இருந்ததா, கரையில் கிடந்ததா? பார்த்ததா, அம்மா சொல்லிக் கேட்டதா, இல்லை, இத்தனை வருடம் நினைத்து நினைத்துத் தானாகவே முறுக்கிக்கொண்டதா? இதை அவர் ஜுலைகாவிடம் கேட்கவில்லை.

பாலத்துக்கு ஐம்பது வயது நிறைந்தபோது, ஒரு நாளிதழின் மாவட்ட இணைப்பில் அரைப் பக்கத்துக்குக் கட்டுரை வந்தது. பொன்னுலிங்கம் அதை டீக்கடையில் பார்த்தார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நாளிதழில் இரண்டு பிரதியும் கால் கிலோ அல்வாவும் வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனார்.

"டீச்சர், இந்தாங்க சான்று."

"டீச்சர்னு கூப்பிடாதீங்கன்னு சொல்லியிருக்கேன்," என்றபடி ஜுலைகா வாங்கிப் படித்தாள். அவர் அடிக்கோடு போட்டிருந்த இடத்தைப் படித்தாள். உலகநாதன் என்ற இளைஞர் தன் வேட்டியை முறுக்கிக் கயிறாக்கி வீசிப் பலரைக் கரை சேர்த்ததை இப்பகுதி மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். இன்னொரு தடவையும் படித்தாள். அவள் முகத்தில் அவர் எதிர்பார்த்தது வரவில்லை.

"அல்வாவைப் பிரிங்க," என்றார் பொன்னுலிங்கம்.

"முதல்ல உள்ள வந்து உக்காருங்க."

"கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"உக்காருங்க அண்ணாச்சி."

சின்ன அறை. நாற்காலி. விளக்கு அணைந்தது. எதிரே உயரத்தில் எழுத்துப் பலகை.

"அந்தப் பலகை எங்க இருக்கு?"

"எதிர்ச் சுவத்துல."

"போய்த் தொடுங்க."

எழுந்து போனார். கிட்டே போனதும் பலகை நகர்ந்து மறைந்தது. அந்த இடத்தில் அவர் முகம் நின்றது. சுவரில் இருந்தது ஒரு நிலைக்கண்ணாடி. திரும்பிப் பார்த்தார். எழுத்துப் பலகை, எழுத்துகள் இடவலம் மாறி எழுதப்பட்டு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் மேலே, அவர் தலை இருந்த இடத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"அறை சின்னது," என்றாள் ஜுலைகா. "அதனால அப்படி."

பொன்னுலிங்கம் வெளியே வந்து நாளிதழை மறுபடி எடுத்தார். 'வேட்டியை முறுக்கிக் கயிறாக்கி வீசி.' முதலில் 'அவிழ்த்து' என்றுதான் எழுதினார். அண்ணனுக்கு மரியாதையாக இல்லை என்று தோன்றி 'முறுக்கி' என்று மாற்றினார். அந்த மாற்றம்கூட அப்படியே வந்திருந்தது. அண்ணன் செய்ததைப் பற்றி, பாலம் பக்கத்தில் அவர் எழுதாத ஒரு சொல்லும் அந்தக் கட்டுரையில் இல்லை.

"ஊர்க்காரங்க யாரையாவது கேட்டு எழுதியிருக்கலாம்லா?"

"இருக்கலாம்."

"பத்திரிகைக்குப் போன் போட்டுக் கேட்டா?"

"கேளுங்க."

போனைக் கையில் எடுத்தார். எண்ணை அமுக்கவில்லை. திரும்ப மேசைமேல் வைத்தார்.

"இதைச் சான்றாப் போட்டா யாருக்கும் தெரியாது," என்றார்.

"தெரியாது."

"அந்த ரெண்டு சொல்லை நீங்க எடுத்துருவீங்களா?"

"நீங்களே எடுக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க. நானும் கேக்க மாட்டேன்."

மடிக்கணினியைத் திறந்தார். பாலம் பக்கம் வந்தது. நாளிதழின் பெயரையும் தேதியையும் எழுதி ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். அண்ணனுக்கு இந்த உலகத்தில் ஒரு இடம் ஆகிவிடும். தான் போன பிறகும் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். வேட்டியை எழுதுவார்கள். அந்த வேட்டியைப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் தன்னுடைய ஒரு வாக்கியம் நின்றுகொண்டிருக்கும். அண்ணன் அதற்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல், இன்னும் ஆழத்தில் கிடப்பான்.

ஜுலைகா யாருடைய மூக்குக்கண்ணாடியையோ துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

பொன்னுலிங்கம் அந்த வரியை முழுசாக அடையாளமிட்டார். அழித்தார். மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று கேட்ட கட்டத்தில் 'சான்று இல்லை' என்று எழுதினார். சேமித்தார். அண்ணன் இரண்டாவது தடவையாகத் தண்ணீருக்குள் போனதுபோல் இருந்தது.

புதுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, உள்ளங்கையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். ஜுலைகா அதை எடுத்து, அதையும் துடைத்து, அவர் பக்கத்தில் வைத்தாள்.

அதை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் கேட்டார். "நீங்க இந்தப் பக்கத்தை வருசக்கணக்காக் காவல் காக்கீங்க. வரலாற்றுல பாத்தேன். பக்கத்தை ஆரம்பிச்சதே நீங்கதான். அந்தப் பாலத்துல உங்களுக்கு அப்படி என்ன தாயி?"

"எங்க உம்மா அந்தப் படகுல இருந்தாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப சின்னப் பிள்ளை. முங்கிப் போன உம்மாவை ஒருத்தர் முடியைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கரையில போட்டாராம். இப்படி நாலஞ்சு பேரை. கடைசியாப் போனவரு வரலையாம். பேரு யாருக்கும் தெரியல. அடுத்த வாரமே உம்மாவை வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"முடியையா?"

"முடியைத்தான். வேட்டி இல்ல அண்ணாச்சி. இன்னைக்கும் அந்த இடத்துல சீப்பு படக் கூடாது."

திரைக்கு அந்தப்பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இதை ஏன் நீங்க எழுதல?"

"எங்க உம்மா சொன்னது."

முதல் நாளாக இருந்திருந்தால் அதெல்லாம் ஒரு பதிலா என்று கேட்டிருப்பார். இப்போது தலையை மட்டும் ஆட்டினார்.

"என் வரியைப் பாத்தப்ப என்ன செஞ்சீங்க?"

"நீக்கத்தான் போனேன். கை வரல. அந்த ரெண்டு சொல்லை ஒட்டிட்டு உக்காந்திருந்தேன், யாராவது கொண்டு வர மாட்டாங்களான்னு. அப்புறம்தான் நீங்க சண்டைக்கு வந்தீங்க."

"உம்மாகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்ல? இத்தனை வருசமா ஒவ்வொரு தொழுகையிலும் அவங்க அந்த ஆளுக்காக துஆ கேக்காங்க, பேரு இல்லாமலே. நான் ஒரு பேரைக் கொடுத்து, அது தப்பாப் போச்சுன்னா?"

பொன்னுலிங்கம் மடிக்கணினித் திரையைப் பார்த்தார். பாலம் பக்கத்தில் வெள்ளத்துக்கும் பாலத்துக்கும் நடுவே இப்போது ஒன்றும் இல்லை. இரண்டு வாக்கியங்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு வரி இருந்தது என்று படிக்கிற யாருக்கும் தெரியாது.

"அப்ப, எங்க அண்ணன் பேரு இனி எங்கதான் இருக்கும்?"

'சான்று இல்லை' என்று அவர் தன் கையாலேயே அழித்த வரி இருந்த இடத்தை ஜுலைகா பார்த்தாள். பிறகு திரைப்பக்கம் திரும்பினாள்.

"உம்மா, கையைத் துடைச்சிட்டுக் கொஞ்சம் வெளிய வாங்க. அவர் பேரு கெடைச்சிருச்சு."